தள்ளிப்போன தேதி

2020 ஏப்ரல் 2 அன்று ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ இரண்டாம் பாகத்தைத் தள்ளிவைப்பதாக சோனி அறிவித்தது. மே 29இல் வரவேண்டிய வீடியோ கேம். இனி எப்போது என்று தேதி இல்லை. ஆட்டம் ஏறக்குறையத் தயார், உலகம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்தான் சிக்கல் என்றார்கள். எங்கள் குழுவின் வாட்ஸ்அப்பில் அன்றைக்கு ஒரே குஷி. அவர்களே தள்ளினால் நம்முடையதும் தள்ளும், கொஞ்சம் மூச்சு விடலாம் என்று ஆளாளுக்கு எழுதினார்கள். லைட்டிங் பார்க்கும் ஓசூர் அண்ணன் மட்டும் ஒரு வரி போட்டார்: “தேதி தள்ளினா வேலையும் கூடவே வரும்டா.”

நான் அப்போது பெங்களூரில் ஒரு ஸ்டுடியோவில் என்விரான்மென்ட் ஆர்ட்டிஸ்ட். வெளிநாட்டு நிறுவனங்களின் ஆட்டங்களுக்கு வேண்டிய சுவர், கதவு, படிக்கட்டு, நசுங்கிய கார் எல்லாம் எங்களைப் போன்ற இடங்களிலிருந்தும் போகின்றன. கதாநாயகன் அவர்களுடையவன், அவன் பதுங்கிக்கொள்ளும் சுவர் எங்களுடையது. எந்த ஆட்டம் என்று சொல்ல ஒப்பந்தம் இன்றும் இடம் தரவில்லை. மார்ச் நடுவில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு கம்ப்யூட்டரைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். சிபியுவைப் போர்வையில் சுற்றிச் சாக்கில் கட்டி, நாகர்கோவில் ரயிலில் திருநெல்வேலி வந்து, செங்கோட்டை பாசஞ்சர் பிடித்துக் கல்லிடைக்குறிச்சியில் இறங்கினேன். சில நாளில் ரயிலே நின்றுவிட்டது. மார்ச் 24 சாயங்காலம் ஆறு மணிக்குத் தமிழ்நாட்டில் 144. நள்ளிரவிலிருந்து நாடு முழுக்க ஊரடங்கு.

ஊர் அப்படி அடங்கி நான் பார்த்ததில்லை. கல்யாணங்கள் நின்றதால் அப்பளத்துக்குக் கேட்பாரில்லை. எதிர்வீட்டு மதினி இட்டுக் காயவைத்த அப்பளங்களைக் கட்டுக் கட்டாக அடுக்கிவைத்துக்கொண்டு, பிரண்டை வாங்கப் போட்ட காசாவது திரும்பினால் போதும் என்றாள். என் வேலை மட்டும் நிற்கவில்லை. “ஊரே பூட்டிக் கெடக்கு, ஒனக்கு மட்டும் என்னலே ராத்திரியும் பகலும்?” என்று ஆச்சி கேட்டாள். விளையாட்டு தயாரிக்கிறோம் என்றேன். அவள் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்காத விதத்தில் எல்லாம் இருந்தது.

வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் செய்கிற வேலைதானே, அதற்கு ஏன் தாமதம் என்று படித்தவர்களே கேட்டார்கள். ஆடி மாதத்து ஒரு ராத்திரியைச் சொன்னால் புரியும். எங்கள் கோப்புகள் எல்லாம் பெர்ஃபோர்ஸ் என்ற சர்வரில் இருக்கும். கட்டுரையில் இரண்டு பேர் திருத்தினால் ஒன்றாகச் சேர்த்துவிடலாம். முப்பரிமாணக் கோப்பில் முடியாது. அதனால் ஒருவர் எடுத்தால் மற்றவர் தொட முடியாதபடி அது அவர் பேரில் பூட்டிக்கொள்ளும். அன்று துறைமுகத்துச் சந்து ஒன்றை முடித்து ஏற்றிக்கொண்டிருந்தேன். ஆபீஸில் டீ எடுத்து வருவதற்குள் ஏறிவிடும். இங்கே போன் ஹாட்ஸ்பாட்தான். அம்பை டவரைப் பார்த்த மாதிரி மச்சு ஜன்னலில் போனை நிறுத்திவைத்தால் நாலு ஜிபி ஏற விடிந்துவிடும். பாதி ஏறியபோது பொதிகைப் பக்கமிருந்து காற்றும் சாரலும் வந்தது, கரண்ட் போனது. இன்வெர்ட்டர் ஒரு விசிறிக்கும் டியூப்லைட்டுக்கும்தான் தாங்கும். கோப்பு என் பேரில் பூட்டியபடி நின்றது. பெங்களூரில் ஓசூர் அண்ணன் அந்தச் சந்துக்கு விளக்கு வைக்கக் காத்திருந்தார். அவர் முடித்தால்தான் கடலுக்கு அந்தப் பக்கம் காலையில் எழுகிற லெவல் டிசைனர் எதிரிகளை நிறுத்திப் பார்க்க முடியும். அட்மின் பூட்டை உடைக்கலாம். உடைத்தால் நான் ஏற்றாத வேலையை அவர்கள் மாற்றிய கோப்பின்மேல் மறுபடி செய்யவேண்டும். மறுநாள் மத்தியானம்தான் கரண்ட் வந்தது. ஒரு சந்துக்கே இந்தப் பாடு. ஆட்டம் முழுக்க அப்படி எத்தனையோ சந்து.

கடலுக்கு அந்தப் பக்கம் இதைவிடக் கஷ்டம். கன்சோலில் சோதிக்க டெவ்கிட் என்று தனிப் பெட்டி உண்டு, கடையில் கிடைக்காது. பூட்டிய அறையில் இருக்கும். உள்ளே போன்கூடக் கொண்டுபோக முடியாது. அதை டெஸ்டர்களின் வீடுகளுக்கு அனுப்ப, ஒவ்வொருவருக்கும் அனுமதி வாங்கவேண்டியிருந்தது. நடிகர்கள் உடம்பெல்லாம் புள்ளி ஒட்டிக்கொண்டு சண்டை போடும் மோஷன் கேப்சர் கூடத்தில், ஆளை ஆள் தொடாமல் எப்படி மல்லுக்கட்டுவது? குரல் கொடுப்பவர்கள் வீட்டுத் துணி அலமாரிக்குள் மைக்கை வைத்துப் பேசினார்கள். எல்லாம் முடிந்தாலும் கன்சோல் நிறுவனம் சோதித்து ஒப்புதல் தரவேண்டும், பிறகு டிஸ்க் அடிக்கவேண்டும். ஒரு கண்ணி நழுவினால் பின்னால் உள்ளதெல்லாம் நழுவும்.

எல்லாப் பழியையும் கொரோனா மேல் போடவும் மாட்டேன். ‘சைபர்பங்க் 2077’ 2020 ஏப்ரலில் வரவேண்டியது. கொரோனா உலகம் முழுக்கப் பரவும் முன்பே, ஜனவரியிலேயே செப்டம்பருக்குத் தள்ளிவிட்டார்கள். பிறகு நவம்பர், பிறகு டிசம்பர் 10. அப்படியும் பழைய கன்சோல்களில் ஓட முடியாமல் தடுமாறி, ஒரே வாரத்தில் சோனி தன் கடையிலிருந்து எடுத்துவிட்டது. ‘ஹேலோ இன்ஃபினிட்’ அடுத்த வருஷத்துக்குப் போனபோதும் கொரோனா காரணங்களில் ஒன்றுதான், ஒரே காரணமில்லை. மறுபக்கம், புனேயில் சிறு குழுவாகச் செய்த ‘ராஜி’ 2020 ஆகஸ்ட் 18இல் ஸ்விட்ச் கன்சோலில் வந்துவிட்டது. கை மாறும் இடங்கள் குறைவாக இருந்தால் பூட்டும் குறைவு என்று எனக்குத் தோன்றியது. எங்கள் ஊர்ப் பையன்களுக்கு இதெல்லாம் செய்தியே இல்லை. படித்துறையில் உட்கார்ந்து பப்ஜி ஆடிக்கொண்டிருந்தவர்கள், செப்டம்பர் 2இல் அரசு அதைத் தடை செய்ததும் என்னிடம் வந்து, “அண்ணே, நீங்க ஒண்ணு செஞ்சு தாங்க” என்றார்கள்.

எங்கள் ஆட்டம் ஒருமுறை தள்ளியது, பிறகு இன்னொருமுறை. ஓசூர் அண்ணன் சொன்னதுபோலவே ஆனது. கிடைத்த மாதங்களில் ஓய்வு வரவில்லை, புதிதாகச் செய்யவேண்டியவற்றின் பட்டியல்தான் வந்தது. சனி, ஞாயிறு போனது.

2021 ஏப்ரலில் இரண்டாம் அலை. தினமும் காலைக் கூட்டத்தில் இருமல் சத்தம் கேட்கும், மறுநாள் அந்த முகம் இருக்காது. ஆக்சிஜன் படுக்கை கேட்டு வந்த நம்பர்களை மச்சிலிருந்து ஒவ்வொன்றாக அடித்துப் பார்ப்பேன்; எடுத்தால் “இல்லை”, பெரும்பாலும் எடுக்கவே மாட்டார்கள். மே மாதம் ஓசூர் அண்ணன் போய்விட்டார். யாரும் போய்ப் பார்க்க முடியவில்லை. அவர் பேரில் இருந்த டிக்கெட்டுகள் வேலைப் பட்டியலில் அப்படியே கிடந்தன: ‘சந்து – விளக்கு நிழல் விழவில்லை’, ‘கிடங்கு – ரொம்ப இருட்டு’. மேலாளர் அவற்றை வேறு பேருக்கு மாற்றாமல் ஒரு வாரம் வைத்திருந்தார். அந்தத் தாமதம் எந்த அறிவிப்பிலும் வரவில்லை.

அந்த வருஷக் கடைசியில் ஆட்டம் வந்தது. பெயர்ப் பட்டியலை முழுக்க ஓடவிட்டுப் பார்த்தோம். அவர் பெயர் இல்லை. வெளியீட்டு நாளில் வேலையில் இருப்பவர்களை மட்டும் போடுவது வழக்கம் என்று பதில் வந்தது. நாங்கள் எல்லாரும் சேர்ந்து மெயில் போட்டோம், இரண்டு முறை. அடுத்த பேட்சில், அதாவது ஆட்டத்தின் திருத்தப் பதிப்பில், சேர்த்தார்கள், ஆனால் வேறு பிரிவில். அவர் மனைவி அதைக் கவனித்து, “அவர் லைட்டிங்ல்ல?” என்று கேட்டார். மறுபடி எழுதினோம். அதற்கடுத்த பேட்சில் திருத்தினார்கள்.