கண்ணுக்குத் தெரியாத கசிவு

“சிஸ்டர், முட்டிக்குள்ள என்னமோ ஊறுது. ஆரம்பிச்சிடுச்சு.”

2004ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்து இரவொன்றில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் நம்மிடம் சொன்ன சொற்கள் இவை. தென்மாவட்டத்து மருத்துவமனை ஒன்றின் குழந்தைகள் வார்டில் நமக்கு அன்று இரவுப் பணி. குருதி உறையாமை நோயுற்றோரைக் கவனிக்கும் தனிப்பொறுப்பை ஏற்று மூன்று மாதங்களே ஆகியிருந்தன. விளக்கைக் கிட்டே கொண்டுவந்து முழங்காலைப் பார்த்தோம். வீக்கம் இல்லை, தொட்டால் சூடும் இல்லை. மறுநாள் அவனுக்கு அரையாண்டுத் தேர்வு என்றார் தாய். கணக்குத் தேர்வாம். நமக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இரத்த வங்கியில் நான்கு கிரையோ பைகளே எஞ்சியிருந்தன. தானமாகப் பெற்ற இரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுத்து உறையவைக்கும் அந்தப் பைகளை விட்டால், உறைகாரணி 8 குறைந்த ஒருவருக்குக் கொடுக்க அந்நாளில் அங்கே வேறு மருந்து இல்லை. அவற்றை வீணாக்கக் கூடாது என்று எண்ணினோம். பணி மருத்துவரை எழுப்பவில்லை. “காலையில பெரிய டாக்டர் வரட்டும் தம்பி, தூங்கு” என்று போர்வையை இழுத்துவிட்டு வந்தோம். கடைசிப் பேருந்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த அந்தத் தாயின் முகத்தையாவது நாம் சற்று உற்றுப் பார்த்திருக்கலாம்.

விடியும்போது முழங்கால் சிறு பூசணிக்காய் அளவு வீங்கி, தோல் பளபளத்தது. அவன் அழவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

ஹீமோஃபிலியா என்றதும், சிறு கீறல் பட்டாலே குருதி கொட்டித் தீர்ந்துவிடும் என்று பலரும் எண்ணுகிறார்கள். வெளிக்காயத்தை அழுத்திப் பிடிக்கலாம், கட்டுப்போடலாம். கடும் நோயுற்றவரை நாள்தோறும் வருத்துவது உள்ளே, மூட்டுக்குள் கசிவது. தேங்கும் குருதியிலுள்ள இரும்பு, மூட்டின் உட்சவ்வைப் புண்ணாக்கித் தடிக்கச் செய்கிறது; தடித்த சவ்வு இன்னும் எளிதாகக் கசிகிறது. மீண்டும் மீண்டும் ஒரே மூட்டில் கசிந்து, குருத்தெலும்பு தேய்ந்து, ஒருநாள் கால் மடங்கவும் மறுக்கிறது, நீளவும் மறுக்கிறது. ஆனால் வீக்கம் தெரிவதற்கு முன்பே உள்ளே ஒரு குறுகுறுப்போ, இளஞ்சூடோ எழும். அது நோயாளிக்கு மட்டுமே தெரியும். மருந்து பலன் தருவதும் அந்த நேரத்தில்தான். பாடநூலிலும் இது இருந்தது. நாமும் படித்துத் தேர்வு எழுதியிருந்தோம்.

அந்த ஓர் இரவே அவன் முழங்காலைக் கெடுத்தது என்று எந்த மருத்துவரும் சொல்லமாட்டார். அதற்கு முன்னும் கசிவுகள் இருந்தன, பின்னும் இருந்தன. இந்த நியாயத்தை நாமும் பலமுறை நமக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறோம்.

வேலையின் நுட்பங்களைக் கற்றுக்கொள்வது அவ்வளவு கடினமில்லை. கிலோவுக்கு ஒரு யூனிட் கொடுத்தால் உறைகாரணி 8இன் அளவு 2 விழுக்காடு உயரும். ஆகவே 30 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 40 விழுக்காடு உயர வேண்டுமானால் 600 யூனிட். 8 முதல் 12 மணி நேரத்தில் அதில் பாதி கரைந்துபோகும். பொடியையும் நீரையும் கலக்கும்போது குப்பியைக் குலுக்காமல் மெல்லச் சுழற்ற வேண்டும். தசையில் ஊசி போடலாகாது, ஆஸ்பிரின் கொடுக்கலாகாது. வாழ்நாள் முழுதும் தேவைப்படும் நரம்புகள் என்பதால் ஒவ்வொரு குத்தையும் சிக்கனமாகச் செலவிட வேண்டும். இவையெல்லாம் ஓராண்டில் கைக்கு வந்துவிட்டன. வெறுங்கையாக வந்து “வலிக்குது” என்று சொல்லும் ஒருவரை, கண்ணுக்கு ஒன்றும் புலப்படாதபோதும் நம்புவதற்குத்தான் நமக்கு நெடுநாள் பிடித்தது.

தாய்மாரிடம் வேறொரு பாடம். “என் ரத்தந்தானே சிஸ்டர் இவனைக் கெடுத்துச்சு” என்று கேட்காத தாய் குறைவு. குறைபாட்டைத் தாங்கியிருக்கும் தாய்க்குப் பிறக்கும் ஒவ்வொரு ஆண்பிள்ளைக்கும் அது வருவதற்குச் சரிபாதி வாய்ப்பு என்பது உண்மை. ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் குடும்பத்தில் முன்பு எவருக்குமே இல்லாமல் புதிதாகத் தோன்றுகிறது என்பதும் உண்மையே. இரண்டாவதை முதலில் சொல்லப் பழகிக்கொண்டோம். விக்டோரியா அரசியின் மகன் லியோபோல்டு இந்நோயோடு வாழ்ந்து 1884இல் கீழே விழுந்து இறந்ததை ஒரு தாயிடம் ஆறுதலாகச் சொன்னோம். அரண்மனையையும் விடவில்லை பாருங்கள் என்றோம். அவர் சற்று யோசித்து, “ராணிக்கு மாமியார் இல்லையே, சிஸ்டர்” என்றார். பிறகு தேடிப் பார்த்தால், உண்மையிலேயே அரசிக்குத் திருமணமாகும் முன்பே மாமியார் காலமாகியிருந்தார்! அன்றுமுதல் மாமியாரையும் அழைத்து உட்காரவைத்தே பேசுகிறோம்.

பெண்களின் துன்பம் இன்னும் மறைவானது. வான் வில்லிபிராண்ட் எனும் குறைபாடு ஆண், பெண் இருபாலரையும் தாக்கும். மாதவிலக்கு பத்து, பன்னிரண்டு நாள் நீடித்தாலும் “எங்க வீட்டுல எல்லாருக்கும் அப்படித்தான்” என்று சொல்லி, வெளிறிய முகத்தோடு பள்ளிக்குச் செல்லும் பெண்பிள்ளைகளைக் கண்டிருக்கிறோம். நற்செய்தியில் பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கால் வருந்திய பெண் கூட்டத்தில் ஒளிந்து வந்து ஆடையைத் தொட்டது ஏன் என்பது இவர்களைக் கண்ட பிறகே நமக்கு விளங்கியது. அவர் மருத்துவர் பலரிடம் துன்புற்று, உள்ளதையெல்லாம் செலவழித்தும் மேலும் கேடுற்றார் என்று மாற்கு எழுதுகிறார். ஆலயத்தில் அப்பகுதி வாசிக்கப்படும்போதெல்லாம் நமக்குச் சுருக்கென்று தைக்கும். அவர் சொல்லை எத்தனை பேர் நம்பாமல் அனுப்பினார்களோ!

காலம் மாறியிருக்கிறது. உறைகாரணி மருந்து இன்று தமிழ்நாட்டின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் கட்டணமின்றி வழங்கப்படுகிறது. தோலுக்கடியில் போடும் எமிசிசுமாப் வந்திருக்கிறது; அதைப் பெறும் சிறுவர் சிலர் கசிவையே மறந்து பந்து விளையாடுகிறார்கள்.

அந்தச் சிறுவனுக்குப் பதின்மூன்றாம் வயதில் தானே ஊசி போட்டுக்கொள்ளக் கற்றுக்கொடுத்தோம். மூன்றுமுறை தவறி, நான்காம் முறை குழாயில் குருதி ஏறியதும் அவன் நம்மை நிமிர்ந்து பார்த்த பார்வை மறக்கவில்லை. அந்த டிசம்பர் இரவைப் பற்றி அவன் ஒருநாளும் பேசியதில்லை. நம் பங்கைச் சேர்ந்தவன்தான். ஞாயிறு திருப்பலியில் எழுந்தேற்ற வேளையில் ஆலயம் முழுவதும் முழந்தாட்படியிடும்போது, கடைசித் தூணில் சாய்ந்து அவன் மட்டும் நிற்பான். புதிதாக வந்த பெரியவர் ஒருவர் ஒருமுறை, மரியாதை தெரியாதா என்று அவன் தோளைத் தட்டினார். அவன் சிரித்துத் தலைகுனிந்தான். நாம் நான்கு வரிசைக்கு முன்னால், இரண்டு முழங்காலும் நன்றாக மடங்க, தரையில் இருந்தோம்.

சென்ற மாதம் மருந்து வாங்க வந்திருந்தான். முப்பது வயதாகிவிட்டது; கணக்கர் வேலை. பக்கத்துக் கட்டிலில் ஆறு வயதுக் குழந்தை ஒன்று கணுக்காலைப் பிடித்துக்கொண்டு ஏதோ முனகியது. பயிற்சிக்கு வந்திருந்த இளஞ்செவிலி குனிந்து பார்த்துவிட்டு, “ஒண்ணுமே தெரியலையே சிஸ்டர், கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமா?” என்று நம்மைக் கேட்டார். நாம் வாய் திறப்பதற்குள் அவன் காலை இழுத்து இழுத்து நடந்துபோய், குழந்தையருகே உட்கார்ந்தான்.

“உள்ள ஊறுதாடா?”

குழந்தை தலையாட்டியது.

“பொய் சொல்லல சிஸ்டர். டாக்டரைக் கூப்பிடுங்க” என்றான்.

தொலைபேசியில் மருத்துவரை அழைத்துவிட்டு, குளிர்பெட்டியிலிருந்து குப்பியை எடுத்து, உள்ளங்கைகளுக்கிடையே வைத்துச் சூடேற்றத் தொடங்கினோம்.