மாவிலைக்குத் தங்கச்சி!

அமெரிக்காவில் எல்லாம் கிடைக்கும். சாம்பார்ப் பொடி கிடைக்கும், முருங்கைக்காய் கிடைக்கும், இட்லி மாவுகூடக் கிடைக்கும். மாவிலை மட்டும் அவசரத்துக்குக் கிடைக்காது. 2023 அக்டோபரில், ஆயுத பூஜைக்கு முதல் நாள், மேரிலாந்தில் அக்கா வீட்டில் இருந்த எங்கள் அம்மாவுக்கு இதுதான் பெரிய கவலை.

"தோரணம் இல்லாம என்னடா பூஜை?"

பேச்சை மாற்ற, அம்மாவைக் கால்வாய்க் கரைக்கு அழைத்துப் போனேன். போடோமக் ஆற்றை ஒட்டி 184.5 மைல் நீளத்துக்கு இருக்கிறது செசபீக் - ஒஹையோ கால்வாய். 1828-ல் வெட்ட ஆரம்பித்து 1850-ல் கம்பர்லாந்து வரை கொண்டுபோனார்கள். கோவேறு கழுதைகள் கரையில் நடந்து படகை இழுக்கும். 1924-ல் அதெல்லாம் நின்றுபோயிற்று. இப்போது அந்தக் கழுதைப் பாதையில் மனிதர்கள் ஓடுகிறார்கள் - உடம்பு இளைக்க!

கரையோர மரங்களெல்லாம் மஞ்சள். நடுவே ஒரு கொடி மட்டும் குங்குமச் சிவப்பு. மரத்தில் ஒட்டிய தண்டு முழுக்க முடி முடியாக வேர். மும்மூன்றாய் இலை. நான் திரும்புவதற்குள் அம்மா மடியில் ஒரு கட்டு இலை!

"ஐயோ, இங்கே பறிக்கக் கூடாதும்மா!"

"நாளைக்கு உதிரப் போறதுதானேடா?"

மறுநாள் காலை வாசலில் ஜம்மென்று தோரணம். காருக்கு மாலை வேறு. பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தார். சிரித்தார். அப்புறம் நாலடி பின்னால் போனார்.

"பாய்சன் ஐவி!"

அத்தான் கையுறை மாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் அவிழ்த்துப் பையில் கட்டினார். "கொளுத்திடலாமே?" என்றேன். "புகை உள்ளே போனா நுரையீரலே வெந்துடும்டா!" நானும் அக்காவும் சோப்பும் கையுமாகக் குழாயடிக்கு ஓடினோம். அம்மா அசையவில்லை. "நான் பார்க்காத இலையா?"

அடுத்த நாள் சாயங்காலம் இலை அம்மாவைப் பார்த்துவிட்டது. இரண்டு கையிலும் கொப்புளம். ஒரு கண் திறக்கவில்லை.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். இந்தச் செடியின் எண்ணெய்க்கு உருஷியால் என்று பெயர். ஜப்பானில் மரச் சாமான்களுக்குப் பளபளப்புப் பூசுகிறார்களே, உருஷி, அந்த மரத்துப் பாலிலிருந்து வந்த பெயர். மா, முந்திரி, பிஸ்தா, நம்மூர் வண்ணார்கள் துணிக்குக் குறி போட்ட சேராங்கொட்டை... எல்லாம் ஒரே குடும்பம். ஆக, மாவிலை தேடிப் போன அம்மா, மாவிலையின் ஒன்றுவிட்ட தங்கச்சியைப் பறித்து வந்திருக்கிறாள்!

"இந்தக் கண்றாவியை ஒரு ஜீவனும் தின்னாதா டாக்டர்?"

"நிறைய ஜீவன் தின்னும்!" மான் மேய்கிறது. பறவைகள் இதன் வெள்ளைப் பழத்தைக் கொத்துகின்றன. குளவி வகையறாவில் ஒரு பூச்சி, அதன் புழு இந்த இலையைச் சாப்பிட்டே வளர்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு சிற்றுண்ணி இலையைக் கடித்துச் சிவப்புச் சிவப்பாகப் புடைக்க வைக்கிறது. செடிக்கே கொப்புளம்!

அப்புறம் டாக்டர் கேட்ட கேள்விதான் எனக்குப் புதிது. "முதல் தடவை பட்டவர்களுக்கு இது வெளியே தெரிய வாரக் கணக்கில்கூட ஆகும். இவருக்கு உடனே வந்திருக்கிறது. பழைய பகையோ? முந்திரிக்கொட்டை ஓட்டை எப்போதாவது கையாண்டிருக்கிறாரா?"

மொழிபெயர்த்தேன், சிரித்துக்கொண்டே. "அம்மா முந்திரியைப் பாயசத்துலதான் பார்த்திருப்பாங்க."

அம்மா சிரிக்கவில்லை.

"உடைச்சிருக்கேன்டா."

பண்ருட்டிப் பக்கம். பத்து வயசில். வறுத்த கொட்டையைத் தட்டித் தட்டி உடைக்க வேண்டும். ஓட்டு எண்ணெய் படாமல் இருக்க விரலில் சாம்பல். சாம்பல் போன இடத்தில் தோல் போகும். அந்தக் கூலியில்தான் என் தாய்மாமன் பள்ளிக்கூடம் போனார். அம்மா ஐந்தாவதோடு நின்றுவிட்டாள். பெண் பார்க்க வந்த அன்று கறுத்த விரல்களை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம்.

"ஏம்மா இத்தனை நாள் சொல்லலே?"

"சொல்லி என்னடா ஆகப்போகுது?"

நான் பி.காம். வரவும் பற்றும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் வரவையெல்லாம் எங்கள் பக்கம் எழுதிவிட்டுப் பற்றை மட்டும் தன் தோலுக்குள் வைத்துக்கொண்ட இந்தக் கணக்கை, முப்பது வருஷமாகப் பக்கத்திலேயே இருந்தும் நான் பார்க்கவில்லை. ஐம்பது வருஷம் கழித்து எங்கோ ஒரு கால்வாய்க் கரைக் கொடி வந்து புத்தகத்தைத் திறந்து காட்ட வேண்டியிருந்தது.

மாத்திரை, களிம்பு என்று இரண்டு வாரத்தில் ஆறியது. வாசல் வெறுமையாக இருக்கிறதே என்று அக்கா இந்தியக் கடையில் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம் வாங்கி வந்தாள்.

அம்மா தொடவில்லை. முதலில் கேட்டாள்:

"ஏண்டி, இதுக்கும் அந்தக் கொடிக்கும் உறவுமுறை ஒண்ணும் கிடையாதே?"