மடி மாறிய குட்டி

பூனை குறுக்கே போனால் சற்று நின்று, நீர் பருகிவிட்டுப் புறப்படும் மக்கள் இன்றும் நம்மிடையே உண்டு. அத்தகைய ஊரில், பெண் கேட்பதுபோல் முறையாகக் கேட்டு ஒரு பூனைக்குட்டியை வாங்கி வந்தோம் என்றால் நண்பர்கள் நகைக்கக்கூடும். நகைக்கட்டும்; பிறகு சிறிது சிந்திக்கட்டும்.

எங்கள் வீட்டிற்கு நான்கு தெரு தள்ளி ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வாழ்கிறார். தாயற்ற குட்டிகளை மீட்கும் சிறு குழுவில் அவரும் ஒருவர். அக்குழுவிற்குக் கட்டடம் இல்லை, கூண்டு இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. உறுப்பினர் வீடுகளே காப்பகம். நிலையான வீடு கிடைக்கும்வரை ஒவ்வொரு குட்டியையும் யாரேனும் ஒருவர் தம் இல்லத்தில் வளர்ப்பார்.

சாக்கடையோரம் கிடந்த மூன்று குட்டிகள் கண் திறக்கும் முன்பே ஆசிரியையின் மடிக்கு வந்தன. பூனைக்குட்டி கண் திறக்க 7 முதல் 10 நாள்வரை ஆகும். அந்த வயதில் தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ளவும் அதற்கு இயலாது. வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி அணைப்பாக வைத்து, இரவிலும் இரண்டு மூன்று மணிக்கொரு முறை எழுந்து பால் புகட்டினார். பசும்பால் குட்டிகளுக்குச் செரிக்காமல் வயிற்றுப்போக்கை உண்டாக்கும்; ஆகவே அவற்றுக்கென்றே விற்கும் பால்மாவைக் கரைத்துக் கொடுத்தார்.

“கூண்டில் பலவற்றை ஒன்றாக அடைத்தால் நோய் பரவும், தம்பி. அதோடு, பிறந்த இரண்டாம் வாரம் முதல் ஏழாம் வாரம்வரைதான் குட்டி மனிதரோடு பழகக் கற்கும் காலம். அதை வீட்டில்தான் கற்க முடியும்” என்றார்.

எட்டு வாரம் கடந்து, முதல் தடுப்பூசியும் போட்டபின், ஒரு குட்டியைக் கேட்டேன். உடனே தரவில்லை. எங்கள் வீட்டைப் பார்க்க வந்தார்! மாடி முகப்பிற்கு வலை அடிக்க வேண்டும். மற்றத் தடுப்பூசிகளைத் தவறாமல் போட வேண்டும். ஐந்து மாத அளவில் கருத்தடை செய்ய வேண்டும். வளர்க்க முடியாமற்போனால் தெருவில் விடாமல் தம்மிடமே சேர்க்க வேண்டும் என்றார். “பெண்ணைக் கொடுக்கிறவங்ககூட இவ்வளவு கேக்கமாட்டாங்க” என்று பாட்டி முணுமுணுத்தார்.

இறுதியாக ஒரு கேள்வி: “பூனை பதினைந்து ஆண்டுகூட வாழும். படிப்பு முடிந்து நீ வெளியூர் போய்விட்டால்?”

எனக்கு விடை வரவில்லை. தொடக்கம் முதலே பூனை வேண்டாமென்றிருந்த அம்மா, அடுக்களை வாயிலில் நின்றபடி, “நான் இருக்கேன், டீச்சர்” என்றார். அந்த மூன்று சொற்கள்தாம் குட்டியை எங்கள் வீட்டிற்குக் கொண்டுவந்தன.

வெருகின் பிள்ளையைக் ‘குட்டி’ எனலாம், ‘பறழ்’ எனினும் தவறில்லை என்பது தொல்காப்பிய மரபியல். தமிழ் மாணவனாகிய நான் ‘பறழ்’ என்றே பெயரிட்டேன். பாட்டியின் வாயில் அது ‘பரளு’ ஆயிற்று!

அதன் குறும்பை என் சொல்வேன்! அப்பாவின் வேட்டி நுனி அதற்குப் பகை. என் பேனா முனை அதற்கு இரை. கதவிடுக்கில் பதுங்கும், முதுகை வளைத்து, வாலைச் சிலிர்த்து, பக்கவாட்டில் துள்ளும். பதுங்குவதும் பாய்வதும் அதற்கு வேட்டைப் பாடம். கையைக் காட்டி விளையாடினால் கடிக்கும் பழக்கம் வந்துவிடும் என்பதால் காகிதப் பந்தை உருட்டிவிடுகிறோம். நூல் விழுங்கினால் குடலுக்கு ஆபத்து என்பதால், அம்மா இப்போது பூக்கட்டும் நாரையும் பெட்டியில் பூட்டுகிறார்.

குட்டியைக் கையில் தந்த அன்று ஆசிரியையின் கண்கள் கலங்கின. “கொடுக்க மனம் வருகிறதா?” என்று கேட்டேன்.

“இவனைக் கொடுத்தால்தானே அடுத்ததற்கு இடம்” என்றார். மறுவாரமே அவர் வீட்டில் இரண்டு புதிய குட்டிகள் இருந்தன.

உயிரினங்களிடம் இரக்கம் காட்டுவது குடிமக்களின் கடமை என்று 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது திருத்தம் நம் அரசமைப்பில் எழுதிவைத்தது. நாம் அதைத் தேர்வுக்காகப் படிக்கிறோம். அவரோ நள்ளிரவில் எழுந்து பால் கரைக்கிறார். தமக்கென வளர்ப்பவர் பலர். பிறர் வீட்டில் வாழ்வதற்கென்றே ஓர் உயிரை வளர்ப்பவர் சிலர். நண்பர்களே, அந்தச் சிலருள் நாமும் சேரலாகாதா? வரும் விடுமுறையில் ஒரு குட்டியைச் சில வாரம் வளர்த்துத் தர அம்மாவிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். அவர் இன்னும் மறுக்கவில்லை.