எதிரணியும் பாடிய பெயர்!

2016 டிசம்பர் 14. இங்கிலாந்தின் சண்டர்லேண்ட் நகரில், உள்ளூர் அணிக்கும் செல்சீக்கும் பிரீமியர் லீக் போட்டி. ஆட்டம் தொடங்குமுன் வீரர்கள் பயிற்சி எடுக்கும் நேரத்தில், ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் பெனால்ட்டி அடிக்க வருகிறான். எதிரே நிற்பது செல்சீயின் கோல்கீப்பர் பெகோவிச். பந்து வலைக்குள் போகிறது. மைதானமே ஆர்ப்பரிக்கிறது.

அவன் பெயர் பிராட்லி லௌரி. சண்டர்லேண்டின் தீவிர ரசிகன். ஒன்றரை வயதிலேயே அவனுக்கு நியூரோபிளாஸ்டோமா இருப்பது தெரியவந்தது. நரம்பு செல்களில் தொடங்கி, பெரும்பாலும் சின்னக் குழந்தைகளையே தாக்கும் புற்றுநோய் அது. சிகிச்சையில் அடங்கிய நோய், 2016-ல் மறுபடியும் வந்துவிட்டது.

அமெரிக்காவில் சிகிச்சை தர, பெற்றோர் நிதி திரட்டினார்கள். அந்த செப்டம்பரில் எவர்ட்டன் அணி சண்டர்லேண்டுக்கு ஆட வந்தது. வீரர்களுடன் மைதானத்துக்குள் நடந்து வரும் வாய்ப்பு பிராட்லிக்குக் கிடைத்தது. எவர்ட்டன் ரசிகர்களும் சேர்ந்து அவன் பெயரைப் பாடினார்கள். அன்று 3-0 என்று ஜெயித்த எவர்ட்டன், அவன் சிகிச்சைக்கு 2 லட்சம் பவுண்டு கொடுத்தது. ஒரு குழந்தை விஷயத்தில் எந்த அணி என்று யார் பார்ப்பார்கள்?

ஆனால், பணத்துக்காக நோய் காத்திருக்கவில்லை. இனி குணப்படுத்த முடியாது என்று டிசம்பரில் டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அந்த மாதம்தான் செல்சீக்கு எதிரான அந்தப் பெனால்ட்டி. பி.பி.சி-யின் 'மேட்ச் ஆஃப் தி டே' நிகழ்ச்சி, மாதத்தின் சிறந்த கோல் விருதை மான்செஸ்டர் யுனைடெட் வீரர் மிகிதாரியானுக்கும் பிராட்லிக்கும் சேர்த்தே கொடுத்தது. மிகிதாரியான் அந்த கோலை அடித்ததும் சண்டர்லேண்டுக்கு எதிராகத்தான்!

பிராட்லிக்குக் கிடைத்த பெரிய பரிசு வேறு. சண்டர்லேண்ட் ஸ்ட்ரைக்கர் ஜெர்மைன் டெஃபோ அவனுக்கு உயிர் நண்பனாகிவிட்டார். பார்த்தால் ஓடி வந்து கட்டிக்கொள்வான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் நெஞ்சில் சாய்ந்தபடியே தூங்கியும் போவான். டெஃபோவுக்கும் இந்த வலி புதிதல்ல. அவருடைய அப்பா 2012-ல் புற்றுநோயால்தான் இறந்தார்.

2017 மார்ச் 26, லண்டன் வெம்ப்ளி மைதானம். மூன்று வருடங்களுக்கு மேல் இங்கிலாந்து அணியில் இடமில்லாமல் இருந்த டெஃபோ, பிராட்லியின் கையைப் பிடித்தபடி உள்ளே நடந்து வந்தார். லிதுவேனியாவுக்கு எதிரான அந்த ஆட்டத்தில் முதல் கோலை அடித்தவரும் அவரே.

ஜூலையில் டெஃபோ போர்ன்மவுத் அணிக்கு மாறியிருந்தார். புது அணியின் பத்திரிகையாளர் சந்திப்பில் பிராட்லியைப் பற்றிக் கேட்டபோது, பேச முடியாமல் அழுதுவிட்டார். மறுநாள், ஜூலை 7-ம் தேதி, பிராட்லி பெற்றோர் அருகிலிருக்க இறந்துபோனான். அவனுக்கு வயது ஆறு.

இறுதி ஊர்வலத்துக்குக் கறுப்பு உடை வேண்டாம், கால்பந்து ஜெர்சியில் வாருங்கள் என்று குடும்பத்தார் கேட்டுக்கொண்டார்கள். ஊர்த் தெருக்களில் பல அணிகளின் ஜெர்சிகள் தோளோடு தோள் நின்றன. அணியின் பயிற்சி முகாமிலிருந்து டெஃபோவும் வந்து சேர்ந்தார்.

கால்பந்தால் பிராட்லியைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால், ஒரு தாயும் தகப்பனும் தனியாக அழ வேண்டிய நாளில், எதிரணிக்காரர்களும் வந்து பக்கத்தில் நின்றார்கள். மகன் பெயரில் அறக்கட்டளை தொடங்கிய அந்தக் குடும்பம், நோயுற்ற மற்றக் குழந்தைகளின் சிகிச்சைக்கு நிதி திரட்ட இப்போது தோள் கொடுக்கிறது.