ஆண்டுக்கு 3.8 கோடி முறை

இதய அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்ததும் நான் முதலில் போனது பல் டாக்டரிடம். சொத்தைப் பல்லில் இருக்கிற கிருமி இரத்தத்தில் கலந்தால், புதிதாக வைத்த வால்வில் போய் ஒட்டிக்கொள்ளுமாம். ஒட்டிவிட்டால் விரட்டுவது பெரும் பாடு. ஆக, 33 வயதில் இரண்டு பற்களை அடைத்து, ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி, வாய் சுத்தமாக இருக்கிறது என்று எழுதி வாங்கிக்கொண்டேன். வாழ்க்கையில் வாங்கிய சான்றிதழ்களிலேயே அதிகம் வலித்தது அதுதான்.

என் மிட்ரல் வால்வு இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கிற கதவு. சாதாரணமாக 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் திறக்கும். எனக்கு 0.9. "பலூன் வைத்து விரிக்க முடியாதா?" என்று கேட்டேன். நாமெல்லாம் இணையத்தில் படித்துவிட்டுத்தானே டாக்டரிடம் போகிறோம். வால்வில் சுண்ணாம்பு படிந்திருக்கிறது, கசிவும் இருக்கிறது, மாற்றத்தான் வேண்டும் என்றார்.

இது எப்போது ஆரம்பித்தது என்று என்னைவிட அம்மாவுக்குத்தான் தெரியும். எங்கள் ஊர் பொட்டிபுரம். வெளியாட்கள் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருந்தால் அது நியூட்ரினோவால்தான். அம்பரப்பர் மலையைக் குடைந்து ஆய்வகம் கட்டும் திட்டத்துக்கு 2015இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பிறகு, சென்னை அலுவலகத்தில் "அந்த ஊரா நீ?" என்று கேட்காதவர்கள் இல்லை. அதற்கு முன்பு அது ஏலக்காய்க் கூலிக்கு ஆள் போகிற ஊர், அவ்வளவுதான். இருட்டோடு ஜீப் வரும். போடிமெட்டு ஏறி, கேரளப் பக்கத்துத் தோட்டங்களில் காய் எடுத்துவிட்டு இருட்டிய பிறகுதான் அம்மா வீடு திரும்புவாள்.

ஒன்பது வயதில் எனக்குத் தொண்டை வலித்துக் காய்ச்சல் வந்தது. அது போன சில வாரத்தில் ஒரு முட்டி வீங்கியது. அது வற்றியதும் அடுத்த முட்டி, அப்புறம் கணுக்கால். வளர்கிற வயசு, கால் வலிக்கத்தான் செய்யும் என்று எல்லோரும் சொன்னார்கள். அம்மா தைலம் தேய்த்தாள். அது கீல்வாதக் காய்ச்சல். தொண்டையில் வந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியோடு சண்டை போடக் கிளம்பிய உடம்பின் சொந்தப் படை, ஆள் அடையாளம் தெரியாமல் இதய வால்வையும் சேர்த்துத் தாக்கும். மூட்டு வலி போய்விடும், வால்வில் பட்ட தழும்பு போகாது. மூன்று வாரத்துக்கு ஒரு பெனிசிலின் ஊசி என்று வருடக்கணக்கில் போட்டிருந்தால் காய்ச்சல் மறுபடி மறுபடி வராமல் தடுத்திருக்கலாம். நெருக்கமான வீடுகளில், கூலி போய்விடும் என்று ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போடுகிறவர்களின் பிள்ளைகளுக்குத்தான் இது அதிகம் வரும். பணக்கார நாடுகளில் இது ஏறக்குறைய மறைந்துபோன நோய்.

"அன்னிக்கே பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்கணும் தாயி" என்று அம்மா இப்போது தினமும் சொல்கிறாள். அதற்கு என்ன பதில் சொல்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. "லீவு யாரு குடுத்தா?" என்று ஒருநாள் அப்பாதான் அதட்டினார்.

ஆபரேஷனுக்குத் தயாராவது என்றால் மனதைத் திடப்படுத்திக்கொள்வது என்றுதான் நினைத்திருந்தேன். உண்மையில் அது ஒரு கேள்விக்குப் பதில் சொல்வது. எந்த வால்வு?

இரண்டு வகை. ஒன்று திசு வால்வு. பன்றியின் வால்வையோ, மாட்டின் இதய உறையையோ பதப்படுத்திச் செய்வது. சில மாதங்களுக்குப் பிறகு பெரும்பாலும் இரத்தத்தை நீர்க்கவைக்கும் மாத்திரை தேவைப்படாது. ஆனால் 10, 15 வருடத்தில் தேய்ந்துவிடும், இளம் வயதுக்காரர்களுக்கு இன்னும் சீக்கிரம். அப்போது மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டும். இன்னொன்று உலோக வால்வு. ஆயுளுக்கும் உழைக்கும். ஆனால் அதில் இரத்தம் உறைந்துவிடாமல் இருக்க ஆயுளுக்கும் வார்ஃபரின் சாப்பிட வேண்டும். அது 1940களின் கடைசியில் எலி மருந்தாக விற்பனைக்கு வந்த சாமான். அளவு கூடினால் இரத்தக்கசிவு, குறைந்தால் வால்வில் கட்டி. அதற்காக ஐ.என்.ஆர். என்று அடிக்கடி ஒரு இரத்தப் பரிசோதனை. முருங்கைக்கீரை சாப்பிடலாம், ஆனால் ஒரு வாரம் கட்டுக்கட்டாக, மறு வாரம் ஒன்றுமில்லாமல் என்று இருக்கக் கூடாது. எங்கள் வீட்டில் கீரை கிடைக்கிற அன்றைக்குத்தான் கீரை.

அப்புறம்தான் டாக்டர் கேட்டார், "குழந்தை பத்தி என்னம்மா யோசிச்சிருக்கீங்க?"

வார்ஃபரின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் கருவுக்குப் போகும். முதல் மூன்று மாதத்தில் கருவின் எலும்பையும் மூக்கையும் கெடுக்கலாம். அதை நிறுத்தி ஹெப்பாரின் ஊசிக்கு மாறினால் தாயின் வால்வு அடைபடும் ஆபத்து கூடும். முடியவே முடியாது என்றில்லை, ஒவ்வொரு வாரமும் கண்காணிப்பில் இருக்க வேண்டும், அப்போதும் உத்தரவாதம் இல்லை. திசு வால்வு என்றால் இந்தச் சிக்கல் குறைவு. கல்யாணமாகி நான்கு வருடம், குழந்தை இல்லை. அறையில் இருந்த நாங்கள் நான்கு பேரும் கொஞ்ச நேரம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வீட்டில் இரண்டு கட்சி. அம்மா திசு வால்வுப் பக்கம். மாட்டுடையது என்று கேட்டுத் தயங்குவாள் என்று நினைத்தேன். "மாடு நமக்கு என்ன கெடுதல் பண்ணுச்சு? பிள்ள பெத்துக்கலாம்னா அதையே வைக்கச் சொல்லு" என்றாள். அப்பா, "ரெண்டாந்தடவ நெஞ்சத் தொறக்கையில நாங்க இருப்பமா?" என்றார். என் கணவர் எந்தப் பக்கமும் பேசவில்லை. கோபம் வந்தது. ஒருநாள் இரவு, "நீ எதைச் சொன்னாலும் சரின்னு சொல்றது தப்பிக்கிற மாதிரி இருக்கு, எனக்குத் தெரியுது. ஆனா நான் ஒண்ணு சொல்லி அது தப்பாப் போனா?" என்றார். அது நியாயமாகப்பட்டது.

நான் எக்செல் ஷீட் போட்டேன். வேறு எனக்கு என்ன தெரியும்? இதயம் நிமிடத்துக்கு 72 முறை என்றால் வால்வு ஆண்டுக்குச் சுமார் 3.8 கோடி முறை திறந்து மூட வேண்டும். நாற்பது வருடத்துக்கு 150 கோடி. நான் எழுதிய எந்த மென்பொருளும் அவ்வளவு முறை பிழையில்லாமல் ஓடியதில்லை.

அப்படித் தேடும்போதுதான் சித்ரா வால்வு பற்றிப் படித்தேன். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் டாக்டர் வலியத்தான் தலைமையில் உருவாக்கியது. முதல் மூன்று வடிவங்கள் தோற்றுப்போயின. அந்த முயற்சியில் செயற்கை நீலக்கல்லில்கூட வட்டு செய்து பார்த்திருக்கிறார்கள். அவ்வளவு கடினமான கல், உடைந்துவிட்டது. கடைசியில் நின்றது பிளாஸ்டிக் வட்டு. மூட்டு மாற்றுச் சிகிச்சையில் பயன்படுகிற அதே பாலிஎத்திலீன், கோபால்ட்-குரோமியக் கூட்டில் சாய்ந்து சாய்ந்து மூடுவது. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்கு வைத்தார்கள். இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வைத்திருக்கிறார்கள். தயாரிப்பது டி.டி.கே. குழுமம், நம் வீட்டு பிரஸ்டீஜ் குக்கரின் அதே குழுமம். இதைச் சொன்னதும் அம்மா அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சிரித்தாள். "அப்ப விசில் வருமா?"

விசில் இல்லை, சத்தம் உண்டு. உலோக வால்வு வைத்தவர்களுக்கு நிசப்தத்தில் டிக், டிக் என்று கேட்குமாம்.

நான் உலோக வால்வைத்தான் கேட்டிருக்கிறேன். குழந்தை வேண்டாம் என்று அர்த்தமில்லை. நாற்பதுகளின் நடுவில், தழும்பு ஒட்டிய நெஞ்சை மறுபடி அறுக்கும் நாளை நோக்கி ஒவ்வொரு வருடமும் எண்ணிக்கொண்டு வாழ என்னால் முடியாது. மாத்திரையோடு வாழ முடியும் என்று தோன்றுகிறது. குழந்தை விஷயம் திறந்தே கிடக்கிறது, தத்து என்ற சொல் வீட்டில் ஒருமுறை வந்துவிட்டுப் போயிருக்கிறது. அம்மா சம்மதிக்கவில்லை. ஆனால் மறுபடி பேசவும் இல்லை.

மற்றதெல்லாம் வேலைகள்தான். இரத்தம் கொடுக்க ஊரிலிருந்து ஆறு பையன்களை அப்பா தயார் செய்திருக்கிறார். மலைக்குப் போகிற ஜீப்பையே பேசி மதுரைக்கு வருகிறார்கள். முதல் நாள் இரவு உடம்பு முழுக்கக் கிருமிநாசினிச் சோப்புக் குளியல், அப்புறம் பச்சைத்தண்ணிகூடக் கிடையாது. மறுநாள் காலை நெஞ்செலும்பை நடுவில் பிளந்து, பொட்டாசியம் கலந்த குளிர்ந்த திரவத்தால் இதயத்தை நிறுத்துவார்கள். அதுவரை இரத்த ஓட்டத்தை ஒரு இயந்திரம் பார்த்துக்கொள்ளும். இந்த வரியை மட்டும் அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை.

பிறகு சளி கட்டாமல் இருக்க இப்போதே மூச்சுப் பழகச் சொல்லி, மூன்று பந்துகள் உள்ள ஸ்பைரோமீட்டர் கொடுத்திருக்கிறார்கள். மூச்சை உள்ளே இழுத்தால் பந்துகள் மேலே ஏற வேண்டும். அம்மா எதிரில் உட்கார்ந்து எண்ணுகிறாள். நேற்று இரண்டு பந்து மேலே நின்றது. மூன்றாவது பாதி வரை வந்துவிட்டு இறங்கிவிட்டது.