அலுமாரிக்குள் இருந்த பிராந்தி

போன நத்தாருக்கு நாங்கள் எக்னொக் செய்தோம். நாங்கள் என்றால் அக்கா, தங்கச்சி, சின்னம்மாவின்ர மகள் என்று மூன்று பேர். மூன்று பேருக்கும் 21 வயது தாண்டிவிட்டது. இதை முதலே சொல்லிவைக்கிறோம், ஏனென்றால் கதைக்குள்ள கொஞ்சம் மது வருகுது.

எக்னொக்கை நாங்கள் அதுவரை அமெரிக்க நத்தார்ப் படங்களில்தான் கண்டிருக்கிறோம். வெளியில் பனி கொட்டும், உள்ளுக்குள்ள எல்லாரும் கையில் ஒரு கிளாஸோடு நிற்பார்கள். யாழ்ப்பாணத்து மார்கழியில் பனி கொட்டாது, மழைதான். ஆனால் நள்ளிரவுப் பூசை முடிஞ்சு ஈரத்தோட வீட்டுக்கு வரேக்க சூடாக ஏதாவது குடிக்க வேணும்போல இருக்கும். அதுதான் தொடக்கம்.

தேவையான சாமான் பெரிதாக ஒன்றுமில்லை. முட்டை மஞ்சட்கரு, பால், கிரீம், சீனி, சாதிக்காய், கறுவா. கடைசியாக ரம் அல்லது பிராந்தி. அந்தக் கடைசிச் சாமானில்தான் வந்து நின்றுவிட்டோம்.

ஆர் போய் வாங்கிறது? இலங்கையில் பெண்களுக்கு மது விற்கக்கூடாது என்று 1979இல் ஒரு விதி வந்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சராக இருந்த மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாட்களுக்குள்ளேயே சனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த அறிவித்தலை மீளப்பெறச் சொன்னார். அந்த நேரம் நாங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தோம், செய்தியைப் பார்த்துச் சிரித்தது ஞாபகம். சட்டம் ஒரு பக்கம் கிடக்கட்டும், எங்கட சந்தியில் உள்ள மதுக்கடை வரிசையில் மூன்று பெட்டையள் போய் நின்றால் நாங்கள் வீட்டுக்கு வர முதல் செய்தி வீட்டுக்கு வந்திடும்.

வீட்டிலும் ஒரு சட்டம் இருக்கு. "இந்த வீட்டுப் படலைக்குள்ள போத்தல் வரக்கூடாது." அம்மாவின் சட்டம். இதை நாங்கள் பழமைவாதம் என்று பகிடி பண்ணுவதில்லை. அம்மப்பா சாராயத்தால்தான் செத்தவர். சம்பளநாளில் அம்மாவும் சின்னம்மாவும் பக்கத்து வீட்டில் போய்ப் படுத்த கதை எங்களுக்குத் தெரியும். அதனால் ரம் இல்லாமலே செய்வோம் என்று முடிவெடுத்து, குசினியில் அதைப்பற்றிக் கதைச்சுக்கொண்டு நின்றோம். அம்மம்மா வாசலில் நின்று கேட்டிருக்கிறா.

"முட்டையும் பாலும் சீனியும் அடிச்சு பிராந்தி விடுறதே? உது முட்டைக் கோப்பியடி. கோப்பி மட்டும்தான் இல்லை."

சொல்லிப்போட்டு அறைக்குள்ள போனா. அலுமாரியின் கீழ்த்தட்டில், பழைய சேலைகளுக்குப் பின்னால், கடதாசியில் சுற்றின ஒரு பிராந்திப் போத்தல். அரைவாசிக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. லேபிளில் பேனையால் சின்னச் சின்னக் கோடுகள். ஒவ்வொருமுறை எடுத்த பிறகும் மட்டத்தைக் குறிச்சு வைக்கிறவவாம். அம்மப்பா இருந்த காலத்துப் பழக்கம்.

இவ்வளவு காலமும் படலைக்குள்ள போத்தல் இருந்திருக்கு!

முட்டைக் கோப்பி எங்களுக்குப் புதிதில்லை. மஞ்சட்கருவையும் சீனியையும் பேணியில் போட்டு நுரைக்க அடிச்சு, கொதிக்கக் கொதிக்கக் கோப்பியை ஊற்றுவது. ஈரம் பிடிச்சு உடம்பு முறியிற நாளில் தருவார்கள். நாங்கள் ஒவ்வொருவராகப் பிறந்தபோது அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் அம்மம்மா அதில் ஒரு கரண்டி பிராந்தி விட்டுக் குடுத்திருக்கிறா. அம்மாவும் குடிச்சிருக்கிறா.

"பிராந்தி குடியில்லைப் பிள்ளை, மருந்து," என்றா அம்மம்மா.

"அம்மப்பாவும் அப்பிடித்தானே சொல்லியிருப்பார்?" என்று எங்களில் ஒருத்தி வாய்விட்டுவிட்டாள். கொஞ்சநேரம் ஒருத்தரும் கதைக்கவில்லை. பிறகு அம்மம்மாதான் முதலில் சிரிச்சா.

இந்த மருந்துக் கதை எங்கள் வீட்டுக்கு மட்டும் உரியதில்லை. எக்னொக்குக்கு முன்னோடி என்று சொல்லப்படுவது இங்கிலாந்தின் பொசெற். சூடான பாலை வைனோ பியரோ விட்டுத் திரையவைத்துக் குடிப்பது. தடிமன் காய்ச்சலுக்கும் அதைத்தான் குடுத்தார்கள். பிறகு அமெரிக்காவுக்குப் போய், மலிவாகக் கிடைத்த ரம்மோடு சேர்ந்து நத்தார்ப் பானமாகிவிட்டது. 1826 நத்தாருக்கு வெஸ்ற் பொயின்ற் இராணுவக் கல்லூரியில் மதுவுக்குத் தடை இருந்தும், மாணவர்கள் களவாக விஸ்கி கொண்டுவந்து எக்னொக் செய்து, கடைசியில் கலவரமே நடந்தது. தடை போட்ட இடமெல்லாம் அலுமாரிக்குப் பின்னால் ஒரு போத்தல் இருக்கும்போல.

சரி, செய்த விதம். ஆறு மஞ்சட்கருவும் 100 கிராம் சீனியும் வெளிறிப்போகும்வரை அடிச்சோம். அரை லீற்றர் பாலில் கறுவாப்பட்டை போட்டுச் சூடாக்கினோம். பிறகு எங்களுக்கு அவசரம். பாலை அப்பிடியே முட்டைக்குள் கவிழ்த்தோம். வந்தது எக்னொக் இல்லை, இனிப்பு முட்டைப் பொரியல். ஆறு முட்டை போனது போனதுதான். முட்டை விலை தெரிந்த ஆக்களுக்கு எங்கட துக்கம் விளங்கும்.

இரண்டாம்முறை அம்மம்மா பக்கத்தில் நின்றா. பாலைக் கரண்டி கரண்டியாக விட்டு, கை நிற்காமல் அடிச்சு, பிறகு எல்லாவற்றையும் சட்டிக்கு மாற்றி மெல்லிய நெருப்பில் துழாவினோம். பச்சை முட்டையில் சல்மொனெல்லா கிருமி இருக்கலாம், 71 பாகை செல்சியஸ் வரைக்கும் சூடாக்கினால் பயமில்லை. எங்களிடம் வெப்பமானி இருந்தது, கேக் செய்ய வாங்கினது. இல்லாவிட்டால், கலவை கரண்டியின் பின்பக்கத்தில் ஒட்டி, விரலால் கோடு கீறினால் அது மூடாமல் நிற்கிற பதம். கொதிக்க விட்டால் திரும்பவும் பொரியல்தான்.

கிரீமுக்குப் பதிலாகத் தேங்காய்ப்பால் விட்டோம், ஒரு கோப்பை முதற்பால், அடுப்பால் இறக்கினபிறகு. புவேர்ட்டோ ரிக்கோவில் நத்தாருக்குக் குடிக்கிற கொக்கிற்றோவும் தேங்காய்ப்பாலும் ரம்மும் சேர்ந்ததுதான், ஆகவே நாங்கள் ஒன்றும் பாவம் செய்யவில்லை. கடைசியாகச் சாதிக்காயைத் துருவிப் போட்டோம்.

இரண்டு சட்டியாகப் பிரிச்சோம். ஒன்று வெறுமனே. மற்றதில் பிராந்தி, ஆளுக்கு ஒரு மேசைக்கரண்டிக் கணக்கு. அம்மம்மா அளந்து ஊற்றி, போத்தலில் புதுக்கோடு போட்டு, பேனையை மூடினா.

அம்மாவுக்கு ஒளிக்கவில்லை. பூசையால் வந்தவுடன் சொன்னோம். அம்மா போத்தலைத் தூக்கி, கோடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றா. ஏச்சு விழும் என்று நினைச்சோம். விழவில்லை.

"உது எங்க இருக்கெண்டு எனக்கு எப்பவோ தெரியும்," என்றா. "பிள்ளை பெத்தவளுக்கு எண்டு வச்சிருக்கிறா. உங்களுக்கு இப்ப என்ன வருத்தம்?"

வருத்தம் ஒன்றுமில்லை அம்மா, ஆசைதான் என்று சொன்னோம். சாமத்தியப்பட்ட நேரம் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் பருக்கினபோது எங்களைக் கேட்டா பருக்கினீர்கள் என்று கேட்கவும் வாய் உன்னினது. கேட்கவில்லை. அந்தப் போத்தலைப் பிடிச்சிருந்த விதத்தைப் பார்க்க, அம்மா அப்போது எங்களோடு கதைக்கவில்லை என்று தெரிந்தது.

பிறகு அம்மா குசினிக்குள் போய் இரண்டு சட்டியையும் திறந்து பார்த்தா. பிராந்தி விடாததில் ஒரு பேணி வார்த்து, வாசலில் நின்றபடி குடிச்சா. வெளியில் மழை கொஞ்சம் விட்டிருந்தது, தேவாலயப் பக்கம் இன்னும் வெடி கேட்டது.

"சாதிக்காய் கூடிப்போச்சு," என்றா.

மிஞ்சின பன்னிரண்டு வெள்ளைக்கருவையும் வீணாக்காமல், வெங்காயமும் பச்சைமிளகாயும் வெட்டிப்போட்டு விடியக்காலமை பொரிச்சுத் தந்ததும் அம்மாதான்.