ரவுட்டர் செத்தும் சிமிட்டிய விளக்கு
நேற்று ராத்திரி ரவுட்டர் உறைந்துவிட்டது. கேபிள் செருகும் இடத்துப் பச்சை விளக்கோ ஜோராகச் சிமிட்டியது. அதை நம்பி அரைமணி நேரம் வேறெங்கோ கோளாறு தேடினேன்.

அதைச் சிமிட்டவைத்தது ரவுட்டரில் ஓடும் லினக்ஸ் இல்லை, ஈதர்நெட் சிப். லினக்ஸின் நெட்டெவ் டிரிகர் வழக்கமாக 50 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை பாக்கெட் கணக்கைப் பார்த்து விளக்கைச் சிமிட்டும். சுவிட்ச் சிப் தனக்குள்ளேயே கடத்திவிடும் பாக்கெட்டுகள் சிபியு கண்ணில் படாதே! அதனால் 2023-இல் வந்த லினக்ஸ் 6.5 கெர்னலில், செய்ய முடிந்த சிப்பிடமே டிரைவர் அந்த வேலையை ஒப்படைக்க வழி வந்தது. நல்ல ஏற்பாடுதான், கெர்னல் சாகும்வரை.

எனக்கென்னவோ ராஸ்பெர்ரி பையில் வைத்திருக்கும் ஹார்ட்பீட் டிரிகர்தான் பிடிக்கும். விளக்கில் லப்-டப் என்று இரட்டைத் துடிப்பு. சுமை கூடினால் படபடக்கும், கெர்னல் உறைந்தால் நின்றுவிடும்.